பழகிப் பெற்ற அறம்: நாஷ்வில் மாணவர்களும் ஜேம்ஸ் லாசனின் பயிலரங்கும்

இளந்தலைவர்களுக்கு அறமும் சமூகப் பொறுப்பும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் கல்வி நிறுவனங்களிடையே கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எழும்போதுதான் பெரும்பாலான முயற்சிகள் சொற்பொழிவு, உறுதிமொழி, பாடநூல், தேர்வு என்ற பழைய தடத்தில் இறங்கிவிடுகின்றன. எது சரி என்று தெளிவாக அறிந்த இளைஞர் உரிய வேளையில் அதைச் செய்துவிடுவார் என்ற நம்பிக்கையே அந்தத் தடத்தின் அடித்தளம். ஆனால் உரிய வேளை என்பது பெரும்பாலும் அச்சமும் சினமும் அவமானமும் ஒருசேர வந்து மோதும் சில நொடிகளாகவே அமைகிறது. அந்த நொடிகளில் மனிதர்கள் தாம் அறிந்ததைவிடத் தாம் பழகியதையே செய்கிறார்கள். இந்த உண்மையிலிருந்து தொடங்கி, அறத்தை உடலுக்கும் நாவுக்கும் பார்வைக்கும் பழக்கப்படுத்த முனைந்த கல்வி முயற்சி ஒன்று 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் நடந்தது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் போதகர். மாணவர்கள் அந்நகரக் கறுப்பினக் கல்லூரிகளில் பயின்ற, இருபது வயதை ஒட்டிய ஆண்களும் பெண்களும்.

நாஷ்வில் தன்னைத் தெற்கின் ஏதென்ஸ் என்று அழைத்துக்கொண்ட நகரம், பல்கலைக்கழகங்கள் நிறைந்தது, கிரேக்கத்துப் பார்த்தெனான் கோயிலின் முழு அளவு மாதிரி ஒன்றையே தன் பூங்காவில் கட்டி வைத்திருப்பது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பள்ளி, பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் என எங்கும் தனியே ஒதுக்கி வைத்த சட்டங்களும் வழக்கங்களும் ‘ஜிம் குரோ’ என்ற பெயரால் குறிக்கப்பட்டன; நாஷ்விலும் அந்த ஒழுங்குக்கு உட்பட்டே இருந்தது, ஆயினும் மிசிசிப்பியையோ அலபாமாவையோ போன்ற கொடூரம் தன்னிடம் இல்லை என்று நம்பியது. மிதமான அநீதி கற்பிப்போருக்குக் கூடுதல் இடர்ப்பாடு தருவது. கொடூரம் கண்முன் நிற்கும்போது எதிர்ப்பு தானே திரளும். மரியாதையான சொற்களோடு நடக்கும் அவமதிப்புக்கோ அவமதிக்கப்படுபவரே பழகிப்போகிறார். ஃபிஸ்க் பல்கலைக்கழகம், டென்னசி அரசுப் பல்கலைக்கழகம், மெஹாரி மருத்துவக் கல்லூரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி ஆகியவற்றில் படித்த மாணவர்கள் அந்த நகரின் கடைத்தெருவில் பணம் கொடுத்துச் சட்டை வாங்கலாம். அதே கடைக்குள் சுழல் நாற்காலியில் அமர்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது.

லாசன் 1928இல் பென்சில்வேனியாவில் பிறந்து ஒஹையோவில் வளர்ந்தவர். போதகரான தந்தை தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருந்தவர். தாயோ வன்முறையை எந்நிலையிலும் ஏற்காதவர். தன்னை இனப்பெயர் சொல்லி இழித்த வெள்ளைச் சிறுவன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்து அதைப் பெருமையோடு சொன்ன மகனிடம், அதனால் என்ன நன்மை விளைந்தது என்று அந்தத் தாய் அமைதியாகக் கேட்டதைத் தம் வாழ்வின் திருப்பமாக லாசன் பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். கொரியப் போருக்கான கட்டாய ராணுவச் சேவையை அவர் மறுத்தார். மாணவர், சமய ஊழியர் என்ற நிலையில் சட்டம் தந்த விலக்கைக் கோரியிருந்தால் தண்டனையிலிருந்து தப்பியிருக்கலாம், அதையும் கோராமல் மூன்றாண்டுத் தண்டனை பெற்று ஓராண்டுக்குச் சற்று மேலாகச் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் 1953இல் மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக நாக்பூர் வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டுகள் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் ஆசிரியராகவும் பணிபுரிந்தபடி காந்தியின் போராட்ட முறையைப் பயின்றார். அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கிய செய்தியை 1955 டிசம்பரில் அவர் படித்தது நாக்பூர் நாளிதழ் ஒன்றில்தான். நாடு திரும்பி ஓபர்லின் கல்லூரியில் இறையியல் பயின்றபோது, 1957 பிப்ரவரியில் அங்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், படிப்பு முடியும் வரை காத்திராமல் உடனே தெற்கே வரும்படி அவரை வற்புறுத்தினார். 1958இல் லாசன் நாஷ்விலில் குடியேறி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் சேர்ந்தார்.

இந்தியாவிலிருந்து அவர் எடுத்துச் சென்றது என்ன என்பதை நுணுகிக் காண வேண்டும். காந்தியின் பெயரும் அகிம்சை என்ற கருத்தும் கறுப்பினச் சிந்தனையாளர்களுக்குப் புதியன அல்ல. ஹோவர்ட் தர்மன் 1936இலேயே இந்தியாவில் காந்தியைச் சந்தித்திருந்தார். ஆனால் காந்தியின் முறையில் பயிற்சி வகித்த இடம் அமெரிக்க வாசகர்கள் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. 1910இல் ஜொகன்னஸ்பர்க் அருகே காந்தியின் நண்பர் காலன்பாக் தந்த 1,100 ஏக்கர் நிலத்தில் தொடங்கப்பட்ட டால்ஸ்டாய் பண்ணை, சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்குப் புகலிடமாக இருந்ததோடு, சிறை செல்ல இருந்தவர்களுக்குப் பயிற்சிக்களமாகவும் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுள் தமிழர் கணிசமானோர், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காந்தி தமக்குத் தெரிந்த அளவு தமிழையும் சொல்லிக் கொடுத்தார். பதினாறு வயதில், சிறையில் பெற்ற நோயால் 1914இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அந்தத் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தின் மகள். பின்னர் 1922இல் சௌரி சௌராவில் கூட்டம் காவலர்களைத் தீயிட்டுக் கொன்றபோது காந்தி நாடு தழுவிய இயக்கத்தையே நிறுத்தினார். 1930இல் தண்டிக்குப் புறப்பட்டபோதோ ஆசிரம ஒழுங்கில் வாழ்ந்த 78 பேரை மட்டுமே முதலில் உடன் அழைத்தார். மக்கள் திரளின் வேகத்தைவிடச் சிறு குழுவின் பக்குவம் முதலில் வேண்டும் என்ற அந்தப் பாடத்தை லாசன் உள்வாங்கிக்கொண்டார்.

நாஷ்விலில் கெல்லி மில்லர் ஸ்மித் என்ற போதகர் தலைமையில் இயங்கிய கிறித்தவத் தலைமைக் குழுவின் துணையோடு லாசன் பயிலரங்குகளைத் தொடங்கினார். 1959 இலையுதிர்காலத்தில் அவை ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாரந்தோறும் மாலையில் கூடின. வந்தவர்கள் முதலில் ஒரு கைப்பிடி அளவே. பைபிள், காந்தி, சட்டத்துக்கு ஒத்துழைக்க மறுக்கும் உரிமை பற்றி எழுதிய தோரோ, சமூகங்களின் தன்னலத்தைப் பற்றி எழுதிய இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபர், சீனத்து லாவோட்சு, மோட்சு ஆகியோர் அங்கே பேசப்பட்டனர். பல மரபுகளை ஒருசேர வைத்தது வெறும் புலமைக் காட்சி ஆகாது. அன்பு செலுத்துவது பலவீனரின் புகலிடம் என்று கருதிய மாணவருக்கு, பல நாகரிகங்களின் கூர்மையான மூளைகள் அந்தக் கேள்வியோடு போராடியிருக்கின்றன என்ற அறிவு துணிவைத் தந்தது.

ஆனால் நூல்களுக்கு முன்பே வேறொன்று நடந்தது. இந்தப் பயிலரங்கின் மிக முக்கியமான பாடம் அதுவே என்று சொல்லலாம். எந்த அநீதியை எடுத்துக்கொள்வது என்பதை லாசன் முன்கூட்டியே தீர்மானித்திருக்கவில்லை. நகரத்துக் கறுப்பினத்தவரின் அன்றாட வாழ்வில் எது மிகவும் நோகச் செய்கிறது என்று கேட்டபோது, பெண்கள் கடைத்தெருவைச் சொன்னார்கள். பிள்ளைகளோடு பொருள் வாங்கச் செல்லும் தாய், களைத்த குழந்தையை உட்கார வைக்க ஓர் இடமோ கழிப்பறையோ இன்றி, பசிக்கிறது என்று அது அழும்போது எதிரே தெரியும் சிற்றுண்டிப் பகுதியில் ஏன் உட்காரக் கூடாது என்பதற்குச் சொல்லக்கூடிய பதில் எதுவும் இன்றி நிற்க வேண்டியிருந்தது. பள்ளி, வாக்குரிமை, வேலை என்று பெரிய தலைப்புகள் எத்தனையோ இருக்க, நாற்காலி என்ற இந்தச் சிறிய பொருள் முதலிடம் பெற்றதற்கு அந்தத் தாய்மாரின் சொல்லே காரணம். சமூகப் பொறுப்பு என்பது தலைவர் தம் மனத்தில் வைத்திருக்கும் சமூகத்துக்கு ஆற்றும் கடமையா, அல்லது கண்முன் இருக்கும் மனிதர்களுக்குச் செவிகொடுத்த பிறகு ஏற்கும் கடமையா என்ற கேள்விக்கு, மாணவர்கள் இங்கே ஒரு வரையறையும் மனப்பாடம் செய்யாமல் விடை கண்டார்கள்.

அடுத்து வந்தது நடித்துப் பார்க்கும் பயிற்சி. நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. சிலர் வாடிக்கையாளராக அமர்ந்தார்கள். வேறு சிலர் அவர்களைத் தாக்கும் வெள்ளையராக நடித்தார்கள். இழிசொற்கள் முகத்துக்கு நேரே கத்தப்பட்டன; சிகரெட் புகை கண்ணில் ஊதப்பட்டது; நாற்காலியிலிருந்து பிடித்துத் தள்ளினார்கள். கீழே விழுந்தவர் உடலைச் சுருட்டித் தலையையும் வயிற்றையும் எப்படிக் காப்பது, ஒருவர் கடுமையாக அடிபடும்போது மற்றொருவர் தம் உடலைக் குறுக்கே இட்டு அடியை எப்படிப் பகிர்ந்துகொள்வது, முடிந்தவரை அடிப்பவரின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருப்பது எப்படி என்பவை திரும்பத் திரும்பப் பழகப்பட்டன. இதில் அடிபடுபவர் கற்றதைப் போலவே அடிப்பவராக நடித்தவரும் கற்றிருக்க வேண்டும்: வெறுப்பின் சொற்களை உச்சரிக்க அதிக நேரம் பிடிப்பதில்லை, கூட்டத்தில் நிற்கும்போது அவை இன்னும் எளிதில் வருகின்றன என்பதை உணர்ந்தவருக்கு எதிரே நிற்கும் வெள்ளை இளைஞன் வேற்றுலகப் பிறவியாகத் தெரிய மாட்டான்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். உடலைப் பழக்கி அச்சத்தை வெல்லச் செய்வது ராணுவமும் செய்யும் வேலை. கீழ்ப்படிதலைப் பழக்குவது அறக்கல்வி ஆகுமா? இரண்டு இடங்களில் லாசனின் முறை படைப் பயிற்சியிலிருந்து முற்றிலும் விலகுகிறது. படைவீரர் எதிரியின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழக்கப்படுகிறார். இந்த மாணவர்களோ பார்க்கப் பழக்கப்பட்டார்கள். படைவீரரின் கேள்விகளை ஆணை மூடிவிடுகிறது. இங்கே ஒவ்வொரு பயிற்சிக்கும் பின் நெடிய விவாதம் நடந்தது, மறுக்க விரும்பியவர் மறுக்க முடிந்தது. சிகாகோவில் வளர்ந்து 1959இல் ஃபிஸ்க்குக்கு வந்த டயான் நாஷ், அகிம்சை பயன் தரும் என்பதை முதலில் நம்பவில்லை. நகரில் பிரிவினையை எதிர்க்கும் வேறு கூட்டம் எதுவும் கண்ணில் படாததால்தான் அங்கே தொடர்ந்து வந்தார். நம்பாதவரை வெளியேற்றாமல், நம்பும்படி அவசரப்படுத்தவும் செய்யாமல், வாரக்கணக்கில் அமர வைத்த அந்தப் பொறுமையின் பயனாகவே, இயக்கத்தின் மிகத் தெளிந்த தலைவர்களுள் ஒருவராக அவர் உருவானார். மாணவர்கள் அமைத்த மையக்குழுவில் தலைமைப் பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. முடிவுகள் பெரும்பான்மை வாக்கைவிட நீண்ட பேச்சின் வழி எட்டப்படும் இசைவையே நாடின. ஒருவரே நிலையான தலைவர் என்று இல்லாதபோது, கைதோ மரணமோ இயக்கத்தைத் தலையற்றதாக்க முடியாது. அதைவிட, தலைமை என்பது உரிமைப்பொருளாக உறைந்துபோவதற்கும் வாய்ப்புக் குறைவு.

1959 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டு பெரிய அங்காடிகளில் மாணவர்கள் சோதனையாகச் சென்று அமர்ந்து, மறுக்கப்பட்டதும் மேலாளரிடம் காரணம் கேட்டுவிட்டு அமைதியாகத் திரும்பினார்கள். 1960 பிப்ரவரி முதல் நாளில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்த செய்தி பரவியபோது, நாஷ்விலில் நூற்றுக்கணக்கானோர் தாமும் வருவதாகத் திரண்டார்கள். பயிற்சி இல்லாதவர்கள் இவ்வளவு பேர், பிணைக்குக் கையிருப்போ நூறு டாலருக்கும் குறைவு. பெரியவர்கள் சில நாள் பொறுக்கச் சொன்னார்கள். மாணவர்கள் பொறுக்க மறுத்தார்கள். அந்த இரவே புதியவர்களுக்கு அவசரப் பயிற்சி அளிக்கப்பட்டது. தாம் உருவாக்கிய மாணவர் தம் சொல்லை மீறி முடிவெடுக்கும் நாளைத் தோல்வியாகக் கருதாத ஆசிரியரே தலைமையைக் கற்பிக்கத் தகுந்தவர். லாசனும் அவருடைய தோழர்களும் அந்தத் தேர்வில் தேறினார்கள்.

பிப்ரவரி 13 அன்று 124 மாணவர்கள் நல்ல உடை உடுத்தி, கையில் பாடப்புத்தகங்களோடு மூன்று கடைகளில் சென்று அமர்ந்தார்கள். இதற்கு அமர்வுப் போராட்டம் என்று பெயர். உணவு மறுக்கப்பட்டாலும் எழாமல் இருப்பதே அதன் முழுச் செயல். ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட் என்ற இரு இறையியல் மாணவர்கள் எழுதிய நடத்தை விதிகள் தட்டச்சுப் பிரதிகளாக வழங்கப்பட்டன. திருப்பி அடிப்பது, வசைபாடுவது, உரக்கச் சிரிப்பது, வழியை மறிப்பது எல்லாம் அவற்றில் விலக்கப்பட்டிருந்தன. நிமிர்ந்து உட்காருவதும் எந்நேரமும் பணிவோடு நடப்பதும் கட்டாயமாக்கப்பட்டிருந்தன. பிப்ரவரி 27 சனிக்கிழமை வெள்ளை இளைஞர் கூட்டம் அவர்களை நாற்காலிகளிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தது. எரியும் சிகரெட்டுகளை அவர்கள் மேல் வைத்து அழுத்தியது. காவலர்கள் வந்து, அடித்தவர்களை விட்டுவிட்டு அமர்ந்திருந்தவர்களில் 81 பேரைக் கைது செய்தார்கள். ஒரு வரிசை எழுப்பப்பட்டதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் அமர்ந்தது. நீதிமன்றம் ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதித்தபோது, அபராதம் கட்டுவது தங்களைத் தண்டித்த அநீதிக்கே துணைபோவதாகும் என்று சொல்லிச் சிறையைத் தேர்ந்தவர்களுக்காகப் பேசியவர் டயான் நாஷ். ஜான் லூயிஸ் அலபாமாவின் ஏழைக் குத்தகை விவசாயி மகன். அவர் குடும்பத்தில் சிறை என்பது தீராத மானக்கேடு. பெற்றோரின் அந்த வேதனையைத் தாங்குவது அடியைத் தாங்குவதைவிட எளிதாக இருந்திருக்காது. எந்தப் பயிலரங்கும் அதற்கு ஒத்திகை வைக்க முடியாது.

மார்ச் 3 அன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. இறையியல் பள்ளியின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதை எதிர்த்துப் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். லாசன் பட்டத்தைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முடித்தார். அண்டை வீட்டாரை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையைப் பாடமாக நடத்திய ஒரு நிறுவனம், அதைத் தெருவில் நடத்திக் காட்டிய மாணவரைத் தாங்க முடியாமல் போனது. இது அந்த ஒரு பல்கலைக்கழகத்தின் குறை என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. நகரத்து நன்கொடையாளர்களையும் அறங்காவலர்களையும் சார்ந்து வாழும் எந்த நிறுவனமும், தான் கற்பிக்கும் அறத்தால் தானே சுடப்படும் நாளுக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. இளைஞர்கள் பாடத்திட்டத்திலிருந்து கற்பதைவிட அந்த நாளில் நிறுவனம் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து கற்பது அதிகம்.

அதற்குள் நகரத்துக் கறுப்பின மக்கள் ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில் கடைத்தெருவையே புறக்கணித்தார்கள். மாணவர்களின் பொறுப்பு தாய்தந்தையரின் பொறுப்பாகவும் விரிந்தது. ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களின் வழக்கறிஞரும் நகரமன்ற உறுப்பினருமான அலெக்சாண்டர் லூபியின் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்று ஆயிரக்கணக்கானோர் ஓசையின்றி நகரமன்றம் நோக்கி நடந்தார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்டுக்கும் போதகர் சி. டி. விவியனுக்கும் சொற்போர் மூண்டு அது வழக்கமான முட்டுச்சந்தை எட்டும் நிலையில், டயான் நாஷ் குறுக்கிட்டு, நிறத்தை மட்டும் காரணமாக வைத்து ஒரு மனிதரை வேறுபடுத்துவது தவறு என்று தாங்கள் தனிப்பட்ட முறையில் கருதுகிறீர்களா என்று கேட்டார். மேயர் ஒரு மனிதராகத் தாம் அதை ஏற்க இயலாது என்று ஒப்புக்கொண்டார்; சிற்றுண்டிப் பகுதிகளில் பிரிவினை நீங்க வேண்டும் என்றும் சொன்னார். இருபத்திரண்டு வயதை எட்டாத ஒரு மாணவியின் இந்தக் கேள்வி திடீரென்று உதித்த சாமர்த்தியம் ஆகாது. எதிர்நிற்பவரின் பதவிக்குப் பின்னே ஒரு மனச்சாட்சி இருக்கிறது என்று எண்ணவும், அதனோடு பேசவும் மாதக்கணக்கில் பழகிய ஒருவரிடமிருந்தே அத்தகைய கேள்வி வரும்.

மே 10 அன்று ஆறு கடைகளில் கறுப்பினத்தவருக்கு முதன்முறையாக உணவு பரிமாறப்பட்டது. அது நடந்த முறை அதிகம் பேசப்படுவதில்லை. எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பது வணிகர்களோடு முன்பே பேசி முடிவு செய்யப்பட்டது. முதல் வாரங்களில் சிறு சிறு குழுக்களே சென்றன. வென்றவர்கள் வெற்றி முழக்கம் எழுப்பவில்லை. தோற்ற தரப்பின் முகத்தையும் காப்பது தங்கள் பொறுப்பே என்று அவர்கள் கருதினார்கள், ஏனெனில் மறுநாளும் அதே நகரில் அவர்களோடுதான் வாழ வேண்டும். தலைமைப் பயிற்சிகள் பேரம் பேசுவதையும் வெல்வதையும் கற்பிக்கின்றன; வென்ற பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதைக் கற்பிப்பவை அரிது.

அடுத்த ஆண்டு வந்த சோதனை இன்னும் கடுமையானது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளில் பிரிவினையை மீறிக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகச் சென்ற விடுதலைப் பயணங்கள் 1961 மே மாதம் அலபாமாவில் தீவைப்புக்கும் அடிதடிக்கும் இலக்காகி நின்றுபோயின. வன்முறையால் ஓர் இயக்கத்தை நிறுத்திவிட முடியும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன்பின் எல்லா இடத்திலும் அந்த வழியே கையாளப்படும் என்று வாதிட்ட டயான் நாஷ், நாஷ்விலிலிருந்து புதிய குழுவை அனுப்ப முடிவெடுத்தார். சாவு நேரலாம் என்று மத்திய அரசின் அதிகாரி ஜான் சீகந்தாலர் தொலைபேசியில் எச்சரித்தபோது, பயணிகள் முந்தைய இரவே தங்கள் உயிலை எழுதிவிட்டார்கள் என்பதை டயான் நாஷ் அறிவித்தார். ஒருங்கிணைப்பவர் என்ற முறையில் அவர் பேருந்தில் ஏறவில்லை. தம் நண்பர்களைச் சாவை நோக்கி அனுப்பிவிட்டுத் தொலைபேசியருகே காத்திருப்பது அவர் பங்கு. தலைமையின் அறக்கேள்விகளில் இதைவிடக் கொடியது இல்லை. அவருக்கு அந்த உரிமையைத் தந்தது பதவி அன்று. சென்றவர்கள் ஒவ்வொருவரும் அவரோடு ஒரே அறையில் அமர்ந்து அதே வாதத்தைத் தம் வாயால் சொல்லிப் பார்த்தவர்கள் என்பதே தந்தது. அவரும் தம் பங்கை உடலால் தந்தார்: மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்துச் சிறார்களுக்கு அகிம்சைப் பயிற்சி அளித்ததற்காக, சிறார்களைத் தீயவழியில் செலுத்தியதாக அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது, 1962இல் கருவுற்றிருந்த நிலையில், மேல்முறையீட்டைக் கைவிட்டுச் சிறை செல்லத் தாமே முன்வந்தார்.

இந்த வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவது லாசனின் முறைக்கே பொருந்தாது. அந்தக் கீழ்த்தள அறையிலிருந்து வந்தவர்களுள் லூயிஸ் முப்பதாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கக் காங்கிரசில் மனச்சாட்சியின் குரலாக இருந்தார். 1961இல் தென் கரோலினாவின் பேருந்து நிலையம் ஒன்றில் தம்மை அடித்த எல்வின் வில்சன் 2009இல் மன்னிப்புக் கேட்டு வந்தபோது தயங்காமல் மன்னித்தார். அதே அறையில் பயின்ற மேரியன் பேரி வாஷிங்டன் மேயராகி, 1990இல் போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றுப் பின்னர் சிறை சென்றார். 1963இல் பர்மிங்காம் நகரின் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்து நாட்டின் மனத்தை உலுக்கிய ஜேம்ஸ் பெவல், தம் மகளிடம் இழைத்த பாலியல் குற்றத்துக்காக 2008இல் தண்டனை பெற்றார். பொதுவெளியில் அடியைத் தாங்கிக்கொண்டு அன்பு காட்டப் பழகிய மனிதர் வீட்டுக்குள் தம் அதிகாரத்துக்கு அடங்கியவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அந்தப் பயிற்சி தொடவில்லை. ஆதிக்கத்தின் கீழ் இருப்பவர் எப்படி நடக்க வேண்டும் என்பதையே அது ஒத்திகை பார்த்தது; அதிகாரம் தம் கைக்கு வந்த பின் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நாற்காலிகள் போடப்படவில்லை. பெவலின் மகள் அடைந்த துன்பத்தின் முன் இந்த விளக்கம் மிகச் சிறியது என்றாலும், அறக்கல்வியைப் பற்றிப் பேசுவோர் இதைக் கடந்து செல்லக் கூடாது. இளந்தலைவர்களுக்கான பயிற்சி எதுவும் அவர்கள் கீழே இருக்கும் காலத்துக்கும் மேலே செல்லும் காலத்துக்குமாக இருமுறை நடத்தப்பட வேண்டும் போலும். இரண்டாவதை எவரும் இன்னும் செம்மையாக வகுத்ததாகத் தெரியவில்லை.

இன்று தலைமைப் பண்பு என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் நாஷ்விலின் நடித்துப் பார்க்கும் உத்தியைக் கடன் வாங்குவது எளிது. பல இடங்களில் அது வாங்கப்பட்டும் இருக்கிறது. எளிதில் கடன் வாங்க முடியாதவை மூன்றாண்டுத் தண்டனை பெற்று வந்த ஆசிரியரும், தம் வலியைச் சொன்ன தாய்மாரும், பட்டமோ சான்றிதழோ கிடைக்காத ஒரு படிப்புக்காக வாரந்தோறும் வந்த மாணவர்களுமே. உண்மையான இடர் எதுவும் இல்லாத அறையில் துணிவைப் பழக முடியுமா என்பது கடினமான கேள்வி. இடரை ஆசிரியர் செயற்கையாக உண்டாக்குவதும் தவறு; அது இளைஞரின் உயிரோடு விளையாடுவதாகிவிடும். லாசன் இடரை உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே கடைத்தெருவில் இருந்தது. மாணவர்கள் அதைக் கடந்து தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஓரிடம் இருக்கவே செய்யும். அதைப் பாடத்திட்டக் குழுவால் கண்டுபிடிக்க முடியாது, அங்கே நாள்தோறும் நின்று போகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

லாசன் 1968இல் மெம்ஃபிஸ் நகரத் தூய்மைப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கிங்கை அங்கே அழைத்தவரும் அவரே, அந்த நகரில்தான் கிங் சுடப்பட்டு இறந்தார். பின்னர் 1974 முதல் கால் நூற்றாண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஹோல்மன் மெதடிஸ்ட் தேவாலயத்தின் போதகராக இருந்தார். அவரை வெளியேற்றிய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2006இல் வருகைதரு பேராசிரியராக அவரை வரவழைத்தது. அவரும் பகையின்றிச் சென்று கற்பித்தார். ஆயினும் 2024இல், 95ஆம் வயதில் இறக்கும்வரை அவர் அதிகம் பாடுபட்டது வேறொரு வகுப்பறைக்காக. விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களும் அலுவலகக் கட்டடங்களை இரவில் துடைப்பவர்களுமான லாஸ் ஏஞ்சலிஸ் தொழிலாளர்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் குடியேறியவர்கள், அவரிடம் அகிம்சைப் போராட்டத்தைப் பயின்றார்கள். தலைமைப் பயிற்சிக்கென்று எந்த நிறுவனமும் தேர்ந்தெடுத்திராத அந்தப் பெண்களும் ஆண்களும் தங்கள் சங்கங்களை நடத்தினார்கள், சாலையில் அமர்ந்து கைதானார்கள், ஊதியத்தைப் பேசி உயர்த்திக்கொண்டார்கள்.